வன்னியில் நடக்க வெளிக்கிடுகிறீர்களா? முதலில் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் கிளிநொச்சிக்கு வந்த முதல் மாதமே சீனி வருத்தம் என்று கிளினிக்கில் கொப்பியில் எழுதித் தந்துவிட்டார்கள். "ஒவ்வொரு நாளும் நடவுங்கோ ரீச்சர்" என்றார் டொக்டர். எங்கே நடப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒழுங்கைக்குள் இறங்கினால் அது முடியுமிடத்தில் இன்னோர் ஒழுங்கை இருக்கும். இங்கே றோட்டு முடிந்தால் வயல், வயல் முடிந்தால் காடு. முதல் எட்டு மாதத்துக்குள் ஒரு நாய்க்கடி, காட்டோரத்தில் ஒரு திருப்பி அனுப்பல், யானை நின்ற இடத்துக்குப் போகப் பார்த்த ஒரு விடியற்காலை எல்லாம் கண்டாயிற்று. இடமாற்றத்தில் வருபவர்களும் லீவுக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் அதே சோலிகளைத் திரும்பப் படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. மாதமும் மணியும்

ஐப்பசி தொடங்கி தை நடுப்பகுதி வரை வன்னியில் மாரி. கிரவல் றோட்டுகள் சேறாகிவிடும், பாலங்களுக்கு மேலால் தண்ணி போகும். அந்த நேரம் ஊருக்குள் மட்டும் நடவுங்கள். மாசியும் பங்குனியும்தான் நல்ல காலம்: குளங்கள் நிறைந்திருக்கும், காலபோக நெல்வெட்டு நடக்கும், காலமை குளிர் இருக்கும். சித்திரைக்குப் பிறகு வெயில். வைகாசியிலிருந்து சோளகக் காற்று தூசியை வாரி முகத்தில் அடிக்கும். அப்போது நடப்பவர்கள் எட்டு மணிக்குள் வீட்டில் நிற்கவேண்டும்.

என் கணக்கு இது: 5.30க்கு வீட்டால் வெளிக்கிட்டு, வெளிச்சம் வந்த பிறகு குளக்கட்டில் ஏறி, 8 மணிக்குத் திரும்புவது. வெளிச்சம் வர முதல் ஏறவே வேண்டாம். பின்னேர நடை ஊருக்குள் என்றால் சரி. காட்டோரக் குளமென்றால் 5 மணிக்கு இறங்கிவிடுங்கள். ஆறு மணிக்குப் பிறகு அந்த இடம் மனிதருக்குரியதில்லை.

பாலைப்பழக் காலத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். வைகாசி, ஆனி அளவில் ஏ9 என்கிற கண்டி-யாழ்ப்பாணம் வீதியோரத்தில் மஞ்சள் பழத்தைக் கூறு போட்டு விற்பார்கள். உதடு ஒட்ட ஒட்டச் சாப்பிடுங்கள், வாங்கியே சாப்பிடுங்கள். மரத்தடிக்குப் போய்ப் பொறுக்க நினைக்காதீர்கள். கரடிக்கும் அந்தப் பழந்தான் பிடிக்கும். பழம் தின்கிற கரடி ஆள் வருகிற சத்தத்தைக் கவனிக்காது, திடீரென்று முகத்துக்கு முகம் கண்டால் விலத்தியும் போகாது.

2. கையில் இருக்கவேண்டிய கடதாசிகள்

தேசிய அடையாள அட்டை, அதுவும் அசல். போனில் எடுத்த படம் போதும் என்று நினைத்து ஒருநாள் அரை மணித்தியாலம் றோட்டோரத்தில் நின்றேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கடவுச்சீட்டின் பிரதியைப் பையிலும் அசலைத் தங்குமிடத்திலும் வைக்கலாம். தூர இடமென்றால் அசலையே கொண்டுபோங்கள். ஒரு சின்னத் துண்டில் பெயர், இரத்த வகை, வீட்டு இலக்கம், பாவிக்கிற மருந்து ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அட்டைக்குப் பின்னால் செருகி வையுங்கள்.

பத்துப் பதினைந்து பேராகப் போவதென்றால், பாடசாலைப் பிள்ளைகளோடு என்றால் கட்டாயம், அந்தப் பகுதிக் கிராம சேவையாளருக்கு ஒரு வாரம் முன்னம் கடிதம் கொடுங்கள். ஒரு பிரதி பொலிசுக்கு. கடிதத்தில் நாள், ஏறும் இடம், இறங்கும் இடம், ஆட்கள் எத்தனை, பொறுப்பாளரின் போன் இலக்கம் இவ்வளவும் இருந்தால் காணும். செலவில்லை. பிறகு யாராவது மறித்துக் கேட்டால் அந்தக் கடிதம் ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடித்துத் தரும்.

முகாம்களையும் காவலரண்களையும் படம் எடுக்காதீர்கள். ட்ரோன் கொண்டுவருகிறவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியைக் கொழும்பிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். இங்கே வந்து யாரிடம் கேட்பது என்று அலையாதீர்கள்.

3. காலுக்கும் பைக்கும்

றப்பர் செருப்போடு நடக்காதீர்கள். நான் நடந்தேன். சூரைமுள் அடியால் ஏறி மேலால் தெரிந்தது. விரலைப் பூரணமாய் மூடுகிற சப்பாத்து, கணுக்காலுக்கு மேல் வருகிற மேசு. நான் சப்பாத்துக்கு 6500 ரூபா கொடுத்தேன், இரண்டு வருடமாய் இழுக்கிறது. வாகன வெளிச்சத்துக்கு மின்னுகிற மேற்சட்டை ஒன்று 700 ரூபா. விடியற்காலையில் ஏ9 ஓரம் நடப்பவர்களுக்கு இந்த 700 ரூபாதான் முதல் செலவாக இருக்கவேண்டும். கொழும்பு பஸ்கள் அந்த நேரத்தில் எப்படி வருமென்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தண்ணி ஒன்றரை லீற்றர், வீட்டிலிருந்தே. கண்ட கிணற்றில் அள்ளிக் குடிக்காதீர்கள். வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணி கடினமானது, சிறுநீரக வருத்தத்தின் பயம் ஊராருக்கே இருக்கிறது. ஒரு ரோச் லைற், ஒரு நீட்டுத் தடி, சீனிக்காரர் என்றால் இரண்டு பிஸ்கற். தடி நாய்க்கு மட்டுமில்லை, புல்லைத் தட்டிப் பார்த்துக் கால் வைக்கவும்தான்.

4. குளக்கட்டில் தொடங்குங்கள்

வன்னியில் நடைபாதை எங்கே என்று தேடுகிறவர்கள் முதலில் குளம் எங்கே என்று கேளுங்கள். கட்டுத்தான் நடைபாதை. உயரமாக இருக்கும், இரண்டு பக்கமும் தெரியும், விடியக் காலமையே மீன்காரரும் மாட்டுக்காரரும் போய்வருவார்கள். எது வந்தாலும் தூரத்திலேயே காணலாம்.

புதிதாக வந்தவர்கள் நகரத்துக்குள்ளே இருக்கிற கிளிநொச்சிக் குளத்தில் இரண்டு கிழமை நடந்து பழகுங்கள். கால் பழகுவதற்கும், அதைவிட முக்கியமாக, நாய்கள் உங்களைப் பழகுவதற்கும்.

பிறகு இரணைமடு. நகரத்திலிருந்து ஏ9 வழியே தெற்காகப் போகிற எந்த பஸ்சிலும் ஏறி இரணைமடுச் சந்தியில் இறங்கவேண்டும். அங்கிருந்து கிழக்காகப் போகிற வீதியால் குளத்துக்கு நடக்கலாம், ஓட்டோவும் பிடிக்கலாம். ஓட்டோக்காரரோடு ஏற முதலே போகவரக் கதைத்து முடியுங்கள். நான் முதல்நாள் போவதற்கு மட்டும் கதைத்தேன். திரும்பி வர அங்கே ஓட்டோ ஏது? வெயிலில் சந்தி வரை நடந்து, அன்றைக்கு முதல் பாடத்துக்கு நான் போகவில்லை.

கட்டடியில் கனகாம்பிகை அம்பாள் கோயில். அதில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கட்டில் ஏறினால் ஒரு பக்கம் தண்ணி கடல்மாதிரி, மறுபக்கம் மருதமரமும் வாய்க்காலும் வயலும். காலமை ஆறரைக்குப் போனீர்களானால் தோணிகள் கரைக்கு வருகிற நேரம். வலையை மடியில் போட்டு ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டே கதைப்பார்கள். ஜப்பான் மீன் (திலாப்பியா) கரும்பச்சையாய்த் துள்ளும், விரால் தனியாக ஒரு வாளிக்குள் தண்ணியோடு கிடக்கும். கொக்குகள் பக்கத்திலேயே வரிசையில் நிற்கும், சங்கக் கடையில் நிற்பதுபோல. என் சீனி இறங்கியதில் பாதி இந்த இடத்தைப் பார்க்கும் ஆசையால்தான்.

எச்சரிக்கை: மார்கழி, தை அளவில் நீர்மட்டம் 36 அடியைத் தொட வான்கதவு திறப்பார்கள். பார்க்கச் சனம் திரளும். நீங்களும் பாருங்கள், கட்டில் நின்று பாருங்கள். கீழே இறங்கவேண்டாம். கதவு திறந்தால் கனகராயன் ஆறு பெருகி, கீழே பன்னங்கண்டிப் பக்கம் தாழ்வான றோட்டுகளை மூடிக்கொண்டு சுண்டிக்குளத்துப் பக்கம் ஓடும். முழங்காலளவு தண்ணிதானே என்று பாலத்தைக் கடக்கப் பார்த்தவர்கள் இழுபட்ட கதை இங்கே ஒவ்வொரு மாரியிலும் இருக்கும்.

கட்டு அலுத்துவிட்டால் வாய்க்கால் கரை. வட்டக்கச்சிப் பக்கம் போகிற வாய்க்காலோரப் பாதை சிறுபோகக் காலத்தில், சித்திரையிலிருந்து ஆவணி வரை, தண்ணி ஓடுகிற சத்தத்தோடு நிழலாக இருக்கும். வெயில் மாதத்தில் நடக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வரம்பில் இறங்கி நடப்பதானால் காலில் காயம் இருக்கக்கூடாது. வயல் தண்ணியால் எலிக்காய்ச்சல் வரும். அடிக்கடி வயலில் இறங்குபவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள், கமக்காரருக்குக் கொடுப்பார்கள்.

வவுனியாவில் தங்கியிருப்பவர்கள் நகரத்து வவுனியாக்குளத்தில் தொடங்கலாம். ஒரு சங்கதி: வவுனியாக்குளம் வேறு, வவுனிக்குளம் வேறு. பின்னது பாலியாற்றை மறித்துக் கட்டியது, முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பக்கம், மாங்குளத்தில் இறங்கி மல்லாவி பஸ் பிடித்துப் போகவேண்டும். கொழும்பிலிருந்து வந்த என் சிநேகிதி "வவுனிக்குளத்தில நிக்கிறன், நீ எங்க?" என்று போன் எடுத்தாள். நான் நின்றது வவுனிக்குளத்தில். அவள் நின்றது வவுனியா நகரத்தில். அந்த நாள் முழுக்க பஸ்சில் போயிற்று.

5. மிதிவெடி

இந்தப் பகுதியை விலத்திப் போகாதீர்கள். வன்னியில் பெரும்பகுதி நிலம் துப்புரவாக்கப்பட்டுவிட்டது, மக்கள் நடக்கிற இடங்களில் பயமில்லை. ஆனாலும் வேலை முடியாத துண்டுகள் இன்னமும் உண்டு. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு முனை பூசிய தடிகள், மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய நாடா: எதைக் கண்டாலும் அதற்கப்பால் ஓரடியும் வேண்டாம். பலகை துருப்பிடித்துச் சரிந்து கிடந்தாலும் அது பலகைதான்.

பலகை இல்லாத இடத்தில் என் வழக்கம் எளிது. மாட்டுத் தடமும் சைக்கிள் தடமும் சேர்ந்து போகிற பாதையில் மட்டும் நடப்பேன். ஒன்றுக்குப் போகக்கூட (ஆம், அதற்குக்கூடத்தான்) பற்றைக்குள் இறங்கமாட்டேன். வெளிக்கிட முதல் வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள். கைவிட்ட காணி, பழைய மண் அணை, பதுங்குகுழி போன்றவற்றில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். மழை மண்ணை அரித்த பிறகு புதைந்து கிடந்தவை மேலே வரும். இரும்புத் துண்டுபோல ஏதும் கண்டால் தொடாமல், கல்லால் எறிந்து பார்க்காமல், வந்த தடத்தாலேயே திரும்பி 119க்குச் சொல்லுங்கள்.

6. யானை, முதலை, பாம்பு, நாய்

முத்தையன்கட்டுக் குளத்தில் ஒரு விடியல். தனியாகக் கட்டில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் லத்தி கிடந்தது. பனங்கொட்டை தெரிகிற பெரிய உருண்டை, அதிலிருந்து மெல்லியதாய் ஆவி. யாழ்ப்பாணத்தாளுக்கு அது என்ன தெரியும்? மாட்டுச்சாணம் என்று நினைத்துத் தாண்டினேன். எதிரே சைக்கிளில் வந்த மீன்கார ஐயா காலூன்றி நின்றார்.

"எங்க ரீச்சர் போறியள்?"

"சும்மா நடக்கிறன் ஐயா."

"உங்காலை போகாதேங்கோ. தனியன் நிக்குது. லத்தி சுடுது பாக்கேல்லையே?"

அவர் காட்டிய பற்றையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு கொப்பு முறிந்த சத்தம் வந்தது. திரும்பி அவரோடு சைக்கிளுக்குப் பக்கத்தால் நடந்து வந்தேன். வாயைத் திறந்து ஒரு சொல் கதைக்கவில்லை.

ஆகவே: லத்தி காய்ந்து வெடித்திருந்தால் பழையது, ஈரமாகவோ ஆவியோடோ இருந்தால் திரும்புங்கள். புதிதாய் முறிந்த கொப்பும் அதே கதைதான். யானை வேலியின் கம்பியைத் தொடாதீர்கள், தாண்டாதீர்கள். கண்டால் படம் எடுக்க நிற்காமல், கத்தாமல், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து விலகுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. கோடையில் காட்டுக்குள் தண்ணி வற்ற யானைகள் குளத்துக்குத்தான் வரும், ஆகவே ஆடி, ஆவணியில் குளக்கட்டு என்றாலும் ஆளில்லாத நேரம் போகாதீர்கள்.

முதலை குளத்தில் இருக்கும். கரையில் குந்திக் கால் கழுவாதீர்கள், அவ்வளவுதான்.

பாம்பு அப்படிச் சுருக்கமாய் முடியாது. வெட்டு முடிந்த வயலிலும் வைக்கோலிலும் புடையன் படுத்திருக்கும், மிதிக்கும்வரை அசையாது. கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம், விஷகடி வைத்தியரிடம் முதலில் காட்டுவோம் என்று நேரத்தை விடவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து பெரிய ஆசுப்பத்திரியில்தான் இருக்கும்.

கட்டாக்காலி நாய்கள் எல்லாச் சந்தியிலும். ஓடாதீர்கள். தடியை ஓங்காமல் நிலத்தில் ஊன்றி, முகத்தைப் பார்க்காமல் நில்லுங்கள். கடித்துவிட்டால் ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரச ஆசுப்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசி அங்கே காசில்லாமல் போடுவார்கள், ஆனால் ஒரு தடவையோடு முடியாது. துண்டில் எழுதித் தருகிற திகதிகளைத் தவறவிடாதீர்கள். எனக்கு அதற்காக மூன்று அரைநாள் லீவு போயிற்று.

7. காட்டுப் பாதைகளும் கந்தோர்களும்

போனில் வரைபடத்தைத் திறந்தால் காட்டுக்குள் மெல்லிய கோடுகள் தெரியும். வழி என்று நினைப்பீர்கள். அவை பெரும்பாலும் மரம் ஏற்றிய உழவு இயந்திரம் போன தடங்கள், அல்லது போர்க்காலத்தில் வெட்டிய பாதைகள். அப்படி ஒரு கோட்டைப் பிடித்து நானும் இரண்டு ரீச்சர்மாரும் போனோம். இரண்டு கிலோமீற்றரில் உத்தியோகத்தர்கள் மறித்தார்கள். அது ஒதுக்கக் காடு. அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். வயதைப் பார்த்துத்தான் போகவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு அனுமதி கேட்டுப் போன கதை இன்னொன்று. முதல்முறை போனது பிழையான கந்தோர். ஒதுக்கக் காடு வனவளத் திணைக்களத்துக்குக் கீழ், தேசியப் பூங்காவும் சரணாலயமும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குக் கீழ். இரண்டாம் முறை அதிகாரி வெளிக்களத்தில். மூன்றாம் முறை கடிதம் தமிழில் மட்டும் இருந்தது, வாசிக்கிறவர் சிங்களம். நீங்கள் இப்படிச் செய்யுங்கள்: போகிற இடம் எந்தத் திணைக்களம் என்று கிராம சேவையாளரிடம் கேளுங்கள், பொதுமக்கள் தினம் எது என்று போன் எடுத்து அறியுங்கள், போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் போகாதீர்கள், கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கொண்டுபோங்கள், மூன்று கிழமை முன்னமே தொடங்குங்கள்.

சுண்டிக்குளமும் மடுவைச் சூழ்ந்த காடும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள். பூநாரையைப் பார்க்கச் சுண்டிக்குளம் போகிறவர்கள் பூங்காவுக்குள் நினைத்தபடி இறங்கி நடக்கலாம் என்று எண்ணவேண்டாம்.

8. கூட்டத்தோடு நடக்கிற தூரப் பாதைகள்

நீண்ட தூரம் நடக்க ஆசையென்றால் தனியாக வழி தேடாமல், சனம் நடக்கிற நாளில் நடவுங்கள். மன்னார்ப் பக்கத்து மடுமாதா கோயில் திருவிழாக்கள் யூலை 2, ஓகஸ்ட் 15. அந்த நாட்களை ஒட்டிக் காட்டு வீதியால் கால்நடையாகப் போகிறவர்களோடு சேரலாம். தண்ணிப்பந்தல் இருக்கும், பொலிஸ் நிற்கும். மற்ற நாளில் அதே வீதியில் யானை நிற்கும்.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் போகிற பாதயாத்திரைக்காரர் முல்லைத்தீவுக்குள்ளால்தான் போவார்கள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலையொட்டி ஓரிரு நாள் அவர்களோடு நடந்து பார்க்கலாம். கூட்டத் தலைவரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள், ஒரு சாரமோ வேட்டியோ, பெண்களுக்கு ஒரு மாற்றுச் சேலை, தட்டு, பாய் இவ்வளவுதான் சுமை. சாப்பாடு வழிக்கோயில்களில். செலவு என்று எனக்கு முடிந்தது திரும்பி வந்த பஸ் காசும் உண்டியலும்.

நந்திக்கடல் கரையில் நடக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். நல்ல காற்று, நல்ல வெளி. ஆனால் அந்தக் கரையில் நிற்கிற ஒவ்வொருவரும் 2009 இறுதிப் போரில் யாரையாவது இழந்தவர்கள். சிரித்துக்கொண்டு படம் எடுக்கமுதல் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மே 18 நினைவுநாளில் போனால் நடைக்கென்று போகாதீர்கள்.

9. பெண்கள் தனியே நடப்பது

கேட்டு எழுதுகிறார்கள், ஆகவே சொல்கிறேன். முடியும். ஆனால் முதல் மாதம் ஒரே பாதை, ஒரே நேரம். கட்டடித் தேத்தண்ணிக்கடையில் ஏறுமுன் ஒருதரம் நின்று "நடந்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பும்போது ஒரு பிளேன்ரீ குடியுங்கள். இரண்டாம் கிழமையே உங்களைக் காணாவிட்டால் கேட்கத் தொடங்குவார்கள். வீட்டிலும் ஒருவரிடம் நேரம் சொல்லுங்கள். நான் என் தங்கச்சியிடம் "எட்டரைக்குள்ள போன் வராட்டி தேடு" என்று சொல்லியிருக்கிறேன். காட்டுப்பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், ஆகவே கட்டிலிருந்து இறங்கியவுடன் எடுங்கள், வீட்டுக்குப் போய் எடுப்போம் என்று வைக்காதீர்கள். ரயில் பாதையில் குறுக்கு வழி என்று யாரும் காட்டினால் போகாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம், காதில் பாட்டு வைத்துக்கொண்டு நடந்தால் உயிருக்கும் கேடு.

இரணைமடுவில் மீன் வாங்குகிற எண்ணம் இருந்தால் பையும் சில்லறையும் கொண்டுபோங்கள். 5000 ரூபாத் தாளை விடியக் காலமை நீட்டினால் அங்கே யாரிடமும் மாற்றக் காசு இராது. என் விராலை ஒருநாள் முழுக்க வாளிக்குள்ளே விட்டுவிட்டு வரவேண்டி வந்தது. அடுத்த நாள் போனேன், வைத்திருந்தார்கள்.